செந்நீர் ஓடும் மலைப்பாதை

ஆளற்றுப்போன ஊரை ஆங்கிலத்தில் பேய் நகரம் என்கிறார்கள். தமிழில் பாழூர் என்போம். இரண்டு சொற்களும் ஒன்றையே சுட்டுவதாகத் தோன்றினாலும் அவற்றின் பார்வை வேறு. முதல் சொல், போய்ச் சேர்ந்த மனிதர்களை நோக்கி நம் கற்பனையை இழுக்கிறது. இரண்டாவது சொல், எஞ்சிக் கிடக்கும் நிலத்தைக் காட்டுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சான் ஹுவான் மலைத்தொடரின் கைவிடப்பட்ட சுரங்க ஊர்களைக் காணக் கிளம்புகிற எவரும் முதல் சொல்லோடுதான் கிளம்புகிறார். இரண்டாவது சொல்லோடு திரும்புவதே நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது. அதற்கான காரணங்களைப் பாதையின் போக்கிலேயே சொல்லிப் பார்க்கலாம்.

டுராங்கோ நகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறும் 550ஆம் எண் நெடுஞ்சாலை, சில்வர்டன் வழியாக யூரே என்ற சிற்றூரை அடைகிறது. சில்வர்டன் ஏறத்தாழ 2,840 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். உதகமண்டலத்தைக் காட்டிலும் சுமார் 600 மீட்டர் கூடுதல். சில்வர்டனுக்கும் யூரேவுக்கும் இடைப்பட்ட 40 கிலோமீட்டரை 'மில்லியன் டாலர் நெடுஞ்சாலை' என்று அழைக்கிறார்கள். சாலைக்கு இட்டு நிரப்பிய மண்ணிலேயே அத்தனை மதிப்புள்ள தாது கலந்திருந்தது என்று ஒரு கதை. ஒரு மைல் போடப் பத்து லட்சம் டாலர் ஆயிற்று என்று இன்னொரு கதை. இரண்டில் எதை நம்பினாலும், பணத்தை விட்டுவிட்டு இந்தச் சாலைக்குப் பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை என்பது மட்டும் தெளிவு.

சாலை 3,350 மீட்டர் உயரத்தில் செம்மலைக் கணவாயைக் கடக்கிறது. பிறகு அன்கம்பாக்ரே மலையிடுக்கின் விளிம்பை ஒட்டி இறங்குகிறது. ஒருபுறம் செங்குத்தான பாறை, மறுபுறம் அதலபாதாளம். பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. குளிர்காலத்தில் பனியை வழித்துப் பள்ளத்தில் தள்ள வேண்டியிருப்பதால் சுவர் கட்டவில்லை என்கிறார்கள். செப்டம்பர் இறுதியில் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகப் பழுத்து மலைச்சரிவுகளை மூடுகின்றன. அவற்றின் மேலே, குங்குமத்தைக் கொட்டியது போன்ற மூன்று சிகரங்கள். பயணிகள் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கும் இடம் இது. அந்தச் சிவப்பு இரும்பின் துரு என்பதையும், அந்தத் துருவின் கதையே இம்மலைகளின் கதை என்பதையும் பிறகு பார்ப்போம்.

இந்தப் பள்ளத்தாக்குகள் சுரங்கக்காரர்கள் வரும்போது வெற்றிடங்களாக இருக்கவில்லை. யூட் இனத்து மக்கள் இங்கே வேட்டையாடியும் பருவத்துக்கேற்ப இடம் மாறியும் வாழ்ந்து வந்தனர். 1868ஆம் ஆண்டு ஒப்பந்தம் கொலராடோவின் மேற்குப் பகுதியை அவர்களுக்கு உரியதென ஏற்றது. ஐந்தே ஆண்டுகள். மலையில் தாது இருப்பது தெரிந்ததும் அத்துமீறி நுழைந்தவர்களை வெளியேற்றுவதற்குப் பதிலாக, அவர்கள் நுழைந்த நிலத்தையே அரசாங்கம் கேட்டது. 1873இல் கையெழுத்தான புருனோ உடன்படிக்கையின்படி ஏறத்தாழ 37 லட்சம் ஏக்கர் நிலத்தை யூட் மக்கள் விட்டுக்கொடுத்தனர். ஈடாக ஆண்டுக்கு 25,000 டாலர்.

உடன்படிக்கையில் முன்னின்ற யூட் தலைவரின் பெயர் யூரே. போரிட்டால் தம் மக்கள் அழிந்துபோவார்கள் என்று கணித்துப் பேச்சுவார்த்தையைத் தேர்ந்தவர். அந்தக் கணிப்பும் அவர்களைக் காக்கவில்லை. 1879இல் வடபகுதி யூட் மக்களுக்கும் அரசுத் தரப்புக்கும் மூண்ட மோதலைக் காரணமாக்கி எல்லோரையும் வெளியேற்றும் கோரிக்கை எழுந்தது. 1880 ஆகஸ்டில் யூரே இறந்தார். அடுத்த ஆண்டு இப்பகுதி மக்கள் இராணுவக் காவலோடு யூட்டா பிரதேசத்துக்கு நடத்திச் செல்லப்பட்டனர். அவருடைய மனைவி சிப்பெட்டா, அந்த வறண்ட ஒதுக்கு நிலத்தில் 1924 வரை வாழ்ந்து மறைந்தார். சுரங்க ஊர் மட்டும் யூரேயின் பெயரை இன்றும் சுமந்துகொண்டிருக்கிறது.

இம்மலைகளில் முதலில் ஆளற்றுப்போனவை யூட் மக்களின் குடியிருப்புகளே. ஆனால் எந்தச் சுற்றுலா வரைபடமும் அவற்றைப் பேய் நகரங்களின் பட்டியலில் சேர்ப்பதில்லை. பலகை வீடு இருந்தால்தான் பேய்க்கும் முகவரி கிடைக்கும் போலும்.

வெளியேற்றத்துக்கும் சாலைக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. ரஷ்யப் பேரரசில் பிறந்து, பெற்றோரை இழந்து, சிறுவனாகவே அமெரிக்கா வந்த ஆட்டோ மியர்ஸ் என்பவர் இப்பகுதியின் பெரும் பாதை அமைப்பாளர். யூட் மொழி அறிந்தவர். 1880 உடன்படிக்கைக்குக் கையெழுத்துச் சேகரித்தபோது, கையெழுத்திட்ட ஒவ்வொருவருக்கும் 2 டாலர் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு அவர்மீது எழுந்தது. கொடுத்ததை அவர் மறைக்கவும் இல்லை. 1883இல் யூரேயிலிருந்து செம்மலை நோக்கி அவர் வெட்டிய கட்டணப் பாதையின் தடத்தில்தான் இன்றைய நெடுஞ்சாலையின் பெரும்பகுதி செல்கிறது. கரடி ஓடை அருவியின் தலைமேல் பாலம் கட்டி, அந்தப் பாலத்திலேயே சுங்கச்சாவடியையும் வைத்தார். சுற்றிப்போக வழியில்லாத இடம்.

சில்வர்டனிலிருந்து வடகிழக்கே பிரியும் மண் சாலையில் சுமார் 19 கிலோமீட்டர் போனால் அனிமஸ் ஃபோர்க்ஸ் வருகிறது. அருகில் ஓடும் அனிமஸ் ஆற்றுக்கு ஸ்பானியர்கள் வைத்த பெயரின் பொருள் ஆன்மாக்களின் ஆறு. வழியில் யுரேகா என்ற ஊரின் இடத்தில், மலைச்சரிவில் படிக்கட்டுப் போல அடுக்கடுக்காக ஏறும் கற்காரை அடித்தளங்களைக் காண்கிறோம். கட்டிய மன்னன் யார் என்று கேட்கத் தூண்டும் தோற்றம். ஆனால் அது தாது அரைத்த ஆலையின் அடித்தளம். தாதுவை மேலிருந்து கீழாக நகர்த்தப் புவியீர்ப்பைப் பயன்படுத்திய அமைப்பு அது.

அனிமஸ் ஃபோர்க்ஸ் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1870களில் தோன்றி, 1883 வாக்கில் 450 பேர் வாழ்ந்த ஊர். கடைகளும் மதுக்கூடமும் அஞ்சலகமும் இருந்தன. குளிர்காலம் வந்ததும் பெரும்பாலோர் சில்வர்டனுக்கு இறங்கிவிடுவார்கள். 1884இல் 23 நாட்கள் இடைவிடாமல் வீசிய பனிப்புயல் 25 அடிப் பனியைக் குவித்தது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகப் பனிக்குள்ளேயே சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தது. பகலெல்லாம் மலையைக் குடைந்தவர்கள், வீடு திரும்பவும் குடைய வேண்டியவர்களானார்கள். 1891இல் தீ விபத்து. 1904இல் ஒரு பெரிய ஆலை வந்து சிறிது உயிர் கொடுத்தது. 1910இல் அதுவும் மூடப்பட்டது. பிறகு ஆலையையே பிரித்தெடுத்து யுரேகாவுக்குக் கொண்டுபோனார்கள். 1920களில் ஊர் காலி.

எஞ்சிய பத்துப் பதினைந்து கட்டடங்களில், வெளிப்புறம் துருத்தி நிற்கும் பலகணியோடு ஒரு மாடி வீடு இருக்கிறது. 1879இல் கட்டியது. உள்ளே நுழைந்து சன்னல் சட்டத்தின் வழியே மலையைப் பார்க்கலாம். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், அழகுக்காக மட்டுமே ஒரு பலகணியை யாரோ அமைத்திருக்கிறார்கள். பணம் சேர்ந்ததும் போய்விட வந்தவர்கள் என்று இவர்களை ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

இருந்தாலும், இந்த இடங்களை அமெரிக்கர்கள் அன்று ஊர் என்று சொன்னதைவிட முகாம் என்றே அதிகம் சொன்னார்கள். தமிழில் பாளையம் என்பதும் படை தங்கும் முகாமையே குறித்த சொல். மேட்டுப்பாளையமும் கோபிசெட்டிபாளையமும் நிலைத்த ஊர்களாகி, சொல்லின் பழம்பொருளையே நாம் மறந்துவிட்டோம். விளைநிலமும் சந்தையும் வாய்த்த முகாம் ஊராகும். தாதுவை மட்டும் நம்பிய முகாம், தாதுவின் விலையோடு எழுந்து அதனோடு விழும்.

அந்த விலை எங்கே தீர்மானிக்கப்பட்டது என்பது நம் வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். செம்மலையில் 1882இல் கண்டறியப்பட்ட யாங்கி கேர்ள் சுரங்கமும் அதைச் சுற்றிய சுரங்கங்களும் தந்தது முக்கியமாக வெள்ளி. அதை நம்பி அயர்ன்டன், செம்மலை நகரம் முதலிய ஊர்கள் எழுந்தன. 1888இல் மியர்ஸின் ரயில் பாதையும் செம்மலைக்கு வந்து சேர்ந்தது. 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி அமெரிக்க அரசாங்கம் மாதந்தோறும் 45 லட்சம் அவுன்சு வெள்ளியை வாங்கிவந்தது. உலகில் வெள்ளியை விழுங்கிய இன்னொரு பெருவயிறு இந்தியா. ரூபாய் வெள்ளி நாணயம்; யார் வேண்டுமானாலும் வெள்ளிக் கட்டியைக் கொடுத்துத் தங்கசாலையில் ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளியின் விலை சரியச் சரிய, இலண்டனுக்குப் பவுனில் செலுத்தவேண்டிய கட்டணங்களுக்காகப் பிரிட்டிஷ் இந்திய அரசு மேலும் மேலும் ரூபாயைக் கொட்டவேண்டி வந்தது. 1893 ஜூன் 26 அன்று, பொதுமக்களின் வெள்ளியை நாணயமாக அடித்துத் தருவதை அது நிறுத்தியது. நான்கே நாட்களில் நியூயார்க்கில் வெள்ளியின் விலை அவுன்சு ஏறத்தாழ 83 சென்ட்டிலிருந்து 62 சென்ட்டுக்குச் சரிந்தது. கொலராடோவில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவும் ஷெர்மன் சட்டத்தின் கொள்முதலைக் கைவிட்டது.

செம்மலையின் வீழ்ச்சிக்கு விலை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆழம் கூடக்கூடத் தாதுவின் தரம் குறைந்தது. யாங்கி கேர்ள் சுரங்கத்தில் ஊறிய நீர், குழாய்களையும் இறைப்பு இயந்திரங்களையும் அரித்துத் தின்றது. ஆயினும் இறுதி அடி, கல்கத்தாவிலும் பம்பாயிலும் தங்கசாலைகளின் கதவு சாத்தப்பட்டபோது விழுந்தது. அயர்ன்டனில் இன்று மரங்களுக்கிடையே சாய்ந்து நிற்கும் வெறும் வீடுகளைப் பார்க்கையில், நம் பாட்டிமார்களின் கொலுசும் அரைஞாணும் பழைய வெள்ளி ரூபாயும் இவற்றோடு ஒரே கணக்கேட்டில் இருந்தவை என்பதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

வாழ்ந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். கார்ன்வால் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள், இத்தாலியர், சுவீடன் நாட்டவர், ஸ்லாவியர் எனப் பலரும் இங்கே வந்தனர். சீனர்களும் வந்தனர், 1902இல் அவர்களைச் சில்வர்டனிலிருந்து விரட்டினார்கள். காற்றழுத்தத் துளைப்பான்கள் வந்தபோது வேலை விரைவாயிற்று. நீர் தெளிக்காமல் துளைத்ததால் பறந்த கல்தூசு நுரையீரலில் படிந்தது. அந்தக் கருவிக்குத் தொழிலாளர் வைத்த பெயர் 'விதவையாக்கி'. 1918இன் கொள்ளைக் காய்ச்சல் சில்வர்டனில் சில வாரங்களிலேயே ஏறத்தாழ பத்தில் ஒருவரைக் கொண்டுபோயிற்று. தூசு தின்ற நுரையீரலால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஊருக்கு மேலே உள்ள மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு வெட்டிய கூட்டுக்குழி இருக்கிறது. பேய்க்கதை கேட்க வருவோர் அங்கே அதிகம் ஏறுவதில்லை.

இனி அந்தத் துருவுக்கு வருவோம். இம்மலைகளின் பாறையில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் நிறைந்திருக்கிறது. அது பாறைக்குள் காற்றுப் படாமல் கிடக்கும்வரை தீங்கில்லை. நீரும் காற்றும் சேர்ந்து பட்டால் கந்தக அமிலம் உண்டாகிறது. அமிலம் துத்தநாகம், ஈயம், காட்மியம் ஆகியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. இரும்பு செம்மஞ்சள் வண்டலாகப் படிகிறது. இது இயற்கையாகவும் நடப்பதுதான். அன்கம்பாக்ரே என்ற யூட் சொல்லே சிவந்த நீரைக் குறிப்பது என்பர். ஆனால் மலைக்குள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வளைகளைத் தோண்டி நீருக்கும் காற்றுக்கும் வழிவிட்டபோது, இயற்கை மெல்லச் செய்துவந்ததை மனிதர்கள் பன்மடங்காக்கினார்கள். யாங்கி கேர்ளின் இரும்புக் குழாய்களைத் தின்றதும் இதே நீர்தான். முதலாளிகள் போனார்கள், தொழிலாளர்கள் போனார்கள், நீர் மட்டும் பணியை நிறுத்தவில்லை.

சில்வர்டன் பகுதியில் கடைசிவரை இயங்கிய பெருஞ்சுரங்கம் சன்னிசைடு. 1978 ஜூன் 4 அன்று, அதற்கு மேலே இருந்த எம்மா ஏரி, அடியில் தோண்டிய வளையை உடைத்துக்கொண்டு சுரங்கத்துக்குள் பாய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் உள்ளே ஒருவரும் இல்லை. சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. அதன் வடிகால் குகைக்கு 1996 முதல் கற்காரைத் தடுப்புகள் வைத்து அடைத்தார்கள். மலைக்குள் நீர்மட்டம் உயர்ந்து, அருகிலுள்ள பழைய சுரங்கங்கள் வழியே கசிந்தது என்று பலர் கருதுகின்றனர். சுரங்க நிறுவனம் அதை மறுத்தது. 2015 ஆகஸ்ட் 5 அன்று, கைவிடப்பட்ட கோல்டு கிங் சுரங்கத்தின் வாயிலைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பணிக்குழு ஆராய்ந்துகொண்டிருந்தபோது அடைப்பு உடைந்தது. 30 லட்சம் கேலன், அதாவது சுமார் 1.1 கோடி லிட்டர் நீர் வெளியே பாய்ந்தது. ஆன்மாக்களின் ஆறு மஞ்சள்தூளைக் கரைத்தது போல நிறம் மாறி, டுராங்கோவைக் கடந்து, நியூ மெக்சிகோவில் சான் ஹுவான் ஆற்றில் கலந்து, நவஹோ மக்களின் நிலத்தினூடே ஓடி, யூட்டாவின் பாவெல் ஏரி வரை போயிற்று. நவஹோ உழவர்கள் சோளம் முற்றும் பருவத்தில் வாய்க்கால்களை அடைத்துவிட்டு நின்றார்கள். 2022இல் அமெரிக்க அரசு நவஹோ நாட்டுக்கு 3.1 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

அந்த மஞ்சள் ஆற்றின் படம் உலகெங்கும் போயிற்று. ஆனால் அதைவிடக் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அப்பகுதிச் சுரங்கங்களிலிருந்து நாள்தோறும் கசியும் அமில நீர் சராசரியாக 54 லட்சம் கேலன் என்று அதே முகமை மதிப்பிட்டது. பேரழிவு என்று உலகம் பார்த்தது, அங்கே ஒரு சாதாரண நாளின் அளவைக் காட்டிலும் குறைவு. ஆறு நிறம் மாறினால்தான் கண்ணுக்குத் தெரிகிறது. மாறாத நாட்களில் எவரும் படம் எடுப்பதில்லை.

யார் பொறுப்பு என்று கேட்டால் விடை 1872க்குப் போகிறது. அவ்வாண்டின் பொதுச் சுரங்கச் சட்டம், பொது நிலத்தில் கனிமம் கண்டவர் அதைத் தமதாக்கிக்கொள்ள வழிசெய்தது. ஏக்கருக்கு 5 டாலர் கொடுத்தால் நிலமும் சொந்தம். எடுத்த கனிமத்துக்கு அரசுக்கு உரிமைத்தொகை தரவேண்டியதில்லை. முடித்துப் போகும்போது சீர்செய்துவிட்டுப் போக வேண்டும் என்ற விதியும் இல்லை. நிலத்தைச் சொந்தமாக்கித் தருவது 1994 முதல் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மற்றபடி அச்சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கொலராடோவில் மட்டும் ஏறத்தாழ 23,000 கைவிடப்பட்ட சுரங்கங்கள் உள்ளன என்கிறார்கள். கைவிடுதல் அங்கே விபத்தன்று, சட்டம் தந்த உரிமை.

சில்வர்டன் மக்கள் நச்சு நிலங்களைச் சீர்செய்யும் அரசுத் திட்டத்தில் சேர நெடுநாள் மறுத்தனர். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் பயணிகள் வரமாட்டார்கள் என்ற அச்சம். அதை எளிதாகப் பழிக்க முடியாது; சுரங்கம் போனபின் அவர்களுக்கு எஞ்சிய பிழைப்பு அது ஒன்றே. 2016இல் ஊர் சம்மதித்தது. 48 இடங்கள் பட்டியலில் சேர்ந்தன. பிறர் விட்டுச்சென்ற சுரங்கத்தைத் துப்புரவு செய்ய முன்வருவோரையே சட்டம் பொறுப்பாளியாக்கும் விசித்திரத்தை ஓரளவு தளர்த்தும் சட்டம் 2024 டிசம்பரில்தான் வந்தது. அதுவும் சோதனை முயற்சியாக 15 இடங்களுக்கு மட்டும்.

தமிழ் வாசகருக்கு இங்கே கோலார் தங்கவயல் நினைவுக்கு வராமல் இராது. வட ஆர்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து போன தமிழர்கள் தலைமுறைகளாக மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கி வேலை செய்த சுரங்கம், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஆனால் அங்கே மக்கள் போகவில்லை. விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போய் வேலை செய்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் சயனைடு மேடுகள் நிற்கின்றன. காற்றடித்தால் தூசு சமையலறைக்கே வருகிறது. அதனால் கோலாரைப் பேய் நகரம் என்று எவரும் அழைக்க முடிவதில்லை. கொலராடோவில் மக்கள் போய்விட்டதால் எஞ்சிய நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. கோலாரில் நஞ்சு தெரிகிறது, அதோடு வாழ்பவர்கள் தெரியாமல் போனார்கள்.

யூரேயை நோக்கி இறங்கும் கடைசி வளைவுகளில், செம்மலை ஓடை சாலையின் பக்கத்திலேயே வருகிறது. கற்கள் எல்லாம் செம்மஞ்சள். சுரங்க ஊர்களின் பலகைகளை அரசாங்கம் ஆணியடித்து நிறுத்திவைத்திருக்கிறது. கூரை ஒழுகினால் சரிசெய்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஓர் ஊரை உண்மையில் கைவிட வேண்டுமானால், அதில் நாம் செய்ததெல்லாம் முடிந்திருக்க வேண்டும். இங்கே எதுவும் முடியவில்லை. 1893இல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போனவன் திறந்துவிட்ட வளை, இந்த நிமிடமும் சொட்டிக்கொண்டிருக்கிறது. பேய்கள் இருந்தால் அவை வீடுகளில் இல்லை. ஆற்றில் இறங்கிக் கீழே வயல்களுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.